பேசுவதற்கு மட்டும் ஒரு போன்

அசோகா சாலையிலுள்ள சஞ்சார் பவன், கோல் மார்க்கெட்டிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கிறது. 1995 ஜூலை 31 அன்று கல்கத்தா ரைட்டர்ஸ் பில்டிங்கிலிருந்து மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு பேச, சஞ்சார் பவனில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராம் பதில் சொன்னார். இந்தியாவின் முதல் செல்போன் உரையாடல் அதுதான். அப்போது நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை கட்டணம். வருகிற அழைப்புக்கும் தனியே காசு. கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் குடியிருந்த குமாஸ்தாக்கள் எவரும் அதைத் தமக்காக வந்த சாதனம் என்று எண்ணியிருக்க நியாயமில்லை.

அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் டிரங்க் கால்தான். பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்து, லைன் கிடைத்ததும் தொண்டை கிழியக் கத்தி, சொல்ல வந்ததில் பாதியை மறந்து திரும்புவார்கள். பிறகு எஸ்.டி.டி. பூத்துகள் வந்தன. இரவு ஏற ஏறக் கட்டணம் குறையும் என்பதால் டிசம்பர் குளிரிலும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு க்யூவில் நின்ற தமிழர்கள் இன்றும் டில்லியில் இருக்கிறார்கள். ஊரில் ஒரு துக்கம் என்றால் தந்தி வரும். ரயில் பிடித்து இரண்டு இரவு கழித்துப் போய்ச் சேர்வதற்குள் காரியம் முடிந்திருக்கும். 2013 ஜூலையில் தந்தி சேவை மூடப்பட்டபோது, ஜன்பத்திலுள்ள ஈஸ்டர்ன் கோர்ட்டில் கடைசித் தந்தி கொடுக்கக் கூட்டம் கூடியது. அந்தக் கூட்டத்தில் பலர் வேடிக்கைக்காக வந்தவர்கள். தந்தியைக் கண்டு நடுங்கியவர்கள் அங்கே போயிருக்க மாட்டார்கள்.

இந்த நிலைமையை மாற்றியது செல்போன் என்பதில் ஐயமில்லை. 1991இல் நாடு முழுவதிலும் சுமார் 50 லட்சம் டெலிபோன்களே இருந்தன. இன்று செல்போன் இணைப்புகள் மட்டும் 110 கோடிக்கு மேல். 2003இல் வருகிற அழைப்புக்கான கட்டணம் ஒழிந்தது. 2006இல் அரசு நிறுவனங்களான பி.எஸ்.என்.எல்.லும் எம்.டி.என்.எல்.லும் ஒரு ரூபாய்க்கு நாடெங்கும் பேசலாம் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தன. 2015 ஜூலை முதல், மாநிலம் விட்டு மாநிலம் போனாலும் நம்பரை மாற்ற வேண்டியதில்லை என்றாயிற்று. ரிட்டயராகிக் கும்பகோணத்துக்கோ திருநெல்வேலிக்கோ திரும்பியவர் டில்லி நம்பரையே வைத்துக்கொண்டிருப்பது அதன் பலன்தான். 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு பேசுவது இலவசம், இன்டர்நெட் மலிவு என்ற காலம் பிறந்தது. பேரக் குழந்தையின் முகத்தைப் பார்த்துப் பாட்டி பேசுவது அன்றாட வழக்கமாகிவிட்டது.

போட்டி இருந்ததால் இத்தனையும் நடந்தது. அந்தப் போட்டி இன்று எந்த நிலையில் இருக்கிறது?

ஒரு காலத்தில் பத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகள் இருந்தன. 2008இல் அலைக்கற்றையோடு வழங்கப்பட்ட 122 லைசென்ஸுகளை 2012இல் சுப்ரீம் கோர்ட் ரத்து செய்தது. அந்த விவகாரத்தில் குற்றம் சாட்டப்பட்டோரை 2017 டிசம்பரில் தனி நீதிமன்றம் விடுவித்தது. ஆனால் மூடிய கடைகள் திறக்கவில்லை. தமிழ்நாட்டில் வேரூன்றி வளர்ந்த ஏர்செல் 2018 பிப்ரவரியில் படுத்தபோது, லட்சக்கணக்கானோரின் போன்கள் ஒரே நாளில் ஊமையாயின. டில்லியிலிருந்து வீட்டுக்கு அடித்தவர்களுக்கு மறுமுனையில் மணியே அடிக்கவில்லை. என்னவோ ஏதோவென்று பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு விசாரித்த பிறகே விஷயம் தெரிந்தது. அதன் பின் வோடபோனும் ஐடியாவும் ஒன்றாயின. 2019 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் விதித்த பழைய பாக்கி அந்தக் கம்பெனியின் முதுகை முறித்தது. பாக்கியைப் பங்குகளாக மாற்றிக்கொண்டதில் 2025 ஏப்ரலில் அரசுக்கு அதில் ஏறத்தாழ 49 சதவீதம் வந்து சேர்ந்தது. ஆக, வலுவாக நிற்பவை ஜியோவும் ஏர்டெல்லும்தான். 2024 ஜூலையில் ஒருவர் கட்டணத்தை உயர்த்தியவுடன் மற்றவர்களும் உயர்த்தியதில் ஆச்சரியம் இல்லை.

கணக்கெழுதிப் பிழைக்கும் வாசகர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சம்பளம் வருஷத்துக்குப் பன்னிரண்டு, ரீசார்ஜோ பதின்மூன்று. மாதம் என்பதை 28 நாளாக்கிய சாமர்த்தியம் இது. 30 நாள் திட்டம் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று டிராய் 2022இல் உத்தரவிட்டும், கடையில் முதலில் நீட்டப்படுவது 28 நாள்தான். 2024 உயர்வுக்குப் பின் ஏர்டெல்லின் குறைந்தபட்ச 28 நாள் திட்டம் 199 ரூபாய். பதின்மூன்று தடவை போட்டால் 2,587 ரூபாய். டில்லியில் இருக்கும் மகன் தனக்கும், ஊரில் இருக்கும் தாய்க்கும் தகப்பனுக்கும் சேர்த்து மூன்று நம்பர்களுக்குக் கட்டுகிறான். தாய் வைத்திருப்பது பட்டன் போன். அவர் ஒரு நாளும் இன்டர்நெட்டைத் தொட்டதில்லை. அதற்கும் சேர்த்துத்தான் காசு.

இந்த அநியாயத்தை டிராய் உணராமல் இல்லை. 2024 டிசம்பரில், பேச்சுக்கும் எஸ்.எம்.எஸ்.ஸுக்கும் மட்டுமான திட்டம் ஒன்றை எல்லாக் கம்பெனிகளும் தர வேண்டும் என்று விதி செய்தது. வரவேற்கத்தக்க விதிதான். ஆனால் 2025 ஜனவரியில் கம்பெனிகள் அதை நிறைவேற்றிய விதம் வேறு. ஏர்டெல் கொடுத்தது 84 நாளுக்கு 469 ரூபாய், ஓராண்டுக்கு 1,849 ரூபாய். ஜியோ கொடுத்தது 84 நாளுக்கு 448 ரூபாய். சராசரி போட்டுப் பார்த்தால் மிச்சந்தான். ஆனால் நூறு நாள் வேலைக்குப் போகிறவரும் விதவைப் பென்ஷனில் காலம் தள்ளுகிறவரும் 469 ரூபாயை ஒரே மூச்சில் எங்கிருந்து எடுப்பார்கள்? கையில் 199 மட்டும் இருப்பவர் தமக்கு வேண்டாத இன்டர்நெட்டையே வாங்க வேண்டும். மிச்சம் பிடிக்க முடிந்தவர், மொத்தமாகக் கட்ட வசதி உள்ளவர் மட்டுமே. விதியின் எழுத்துக்குப் பணிந்து அதன் நோக்கத்தைக் கைவிட்டார்கள் என்றே சொல்ல வேண்டும்.

ரீசார்ஜ் போடாவிட்டால் என்ன, பேசாமல் இருந்துவிட்டால் போயிற்று என்று இன்று சொல்ல முடியாது. பாங்குக் கணக்கு, காஸ் சிலிண்டர், ஆதார் எல்லாம் அந்த நம்பரில்தான் தொங்குகின்றன. நம்பர் உயிரிழந்து 90 நாள் கழிந்தால் அதை வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம் என்பது நடைமுறை. அப்புறம் பாங்கிலிருந்து வரும் ஓ.டி.பி. யார் கைக்குப் போகும்?

இந்த நிலையில் சஞ்சார் பவனில் எதிர்காலம் பற்றிய பேச்சு பலமாக இருக்கிறது. 2022 அக்டோபரில் ஐந்தாம் தலைமுறை சேவையைப் பிரதமர் பிரகதி மைதானில் தொடங்கி வைத்தார். ஆறாம் தலைமுறைக்கான கொள்கை அறிக்கை 2023 மார்ச்சிலேயே வெளிவந்துவிட்டது. 2030ஐ ஒட்டி அது வரும் என்கிறார்கள். டவரே இல்லாமல் செயற்கைக்கோள் வழியாகச் சேவை தர ஸ்டார்லிங்க் கம்பெனிக்கு 2025இல் லைசென்ஸ் கிடைத்தது. இவை வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. புயலில் டவர்கள் சாயும் நாகப்பட்டினம், கடலூர்க் கரைகளுக்குச் செயற்கைக்கோள் வழி உதவுமானால் நல்லதுதான். ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் தயாராகிறது என்பதும் பெருமைக்குரியதே. அதே ஸ்ரீபெரும்புதூரில் 2014இல் நோக்கியா தொழிற்சாலை மூடப்பட்டு ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்ததையும் ஞாபகம் வைத்திருப்பது நல்லது.

ஆனால் புதிய தலைமுறை வரும்போது பழைய தலைமுறையை என்ன செய்வது என்ற கேள்வி இருக்கிறது. இரண்டாம் தலைமுறைச் சேவையைச் சரித்திரமாக்க வேண்டும் என்று ஜியோவின் முகேஷ் அம்பானி 2020லேயே கேட்டார். அவர் கம்பெனியில் அந்தச் சேவை ஆரம்பத்திலிருந்தே கிடையாது. ஆகவே கேட்பது அவருக்குச் சுலபம். பட்டன் போனை நம்பியிருக்கும் கிழவருக்கு அப்படிச் சுலபமல்ல. என்றைக்காவது அதை மூடத்தான் வேண்டுமென்றால், வெகு முன்னதாகத் தேதியை அறிவித்து, மாற்றுப் போனுக்கு மானியமும் கொடுத்த பிறகே அதைச் செய்யலாம்.

கட்டணத்துக்குக் கடிவாளம் போட அரசிடம் ஒரு கருவி இருக்கிறது. அது பி.எஸ்.என்.எல். மற்றவர்கள் ஐந்தாம் தலைமுறையை ஓட்டிக்கொண்டிருக்க, 2025 செப்டம்பரில்தான் அதன் நாலாம் தலைமுறைச் சேவை 97,500 டவர்களுடன் முறையாகத் தொடங்கப்பட்டது. இலாகாவின் தாமதத்துக்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆயினும் அது உள்நாட்டிலேயே உருவான சாதனங்களைக் கொண்டு நடப்பது. 2024இல் கட்டணம் ஏறியபோது லட்சக்கணக்கானோர் பி.எஸ்.என்.எல்.லைத் தேடிப் போனார்கள். சிக்னல் கிடைக்காமல் பலர் திரும்பினார்கள். சிக்னலைச் சரிசெய்தால் அவர்கள் மீண்டும் வருவார்கள். அந்தப் பயமே தனியார் கட்டணத்தை அடக்கும்.

டிராய் செய்ய வேண்டியதும் பெரிய காரியமல்ல. பேச்சுக்கு மட்டுமான திட்டத்தை 84 நாளுக்குக் கட்டிப்போடாமல், ஒரு காலண்டர் மாதத்துக்கும் அதே விகிதத்தில் தர வேண்டும் என்று விதியில் ஒரு வரி சேர்த்தால் போதும். வருஷத்துக்குப் பன்னிரண்டு ரீசார்ஜ். ஒவ்வொன்றும் சுமார் 160 ரூபாய்.