லீசியாவின் கடிதம்



கட்சால் தீவிலிருந்து ஒரு தகப்பனார் எழுதியிருக்கிறார். 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து, அத்தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்ந்த தமிழ்க் குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. 2004 டிசம்பர் 26 அன்று எழும்பிய ஆழிப்பேரலையில் கட்சால் அடைந்த அழிவை நாம் மறக்கவில்லை. அன்று கைக்குழந்தையாய்த் தப்பின மகன் இன்று சென்னையில் சட்டம் முடித்து, உதவி அரசு வழக்கறிஞர் தேர்வுக்கு ஆயத்தமாகிறான். “ஐயா, போலீசாருக்காக வாதாடும் வேலை விசுவாசிக்குத் தகுமா? பொய் சொல்ல நேரிடாதா?” என்று கேட்கிறார்.

இப்படிப்பட்ட கேள்விக்கு நம்மவர் உடனே அப்போஸ்தலர் 24-ஆம் அதிகாரத்துத் தெர்த்துல்லுவைக் காட்டுவார்கள். வேதாகமக் கல்லூரியில் நாங்களும் அவனுடைய முகஸ்துதியைத்தான் கண்டித்து எழுதினோம். முந்தின அதிகாரத்திலுள்ள சேனாபதி லீசியாவின் கடிதத்தை ஒருவரும் கவனிக்கவில்லை. பவுல் ரோமன் என்று அறிந்து அவரை விடுவித்ததாக லீசியா தேசாதிபதிக்கு எழுதுகிறான். நடந்ததோ வேறு. முதலில் கட்டுவித்தான், சவுக்கால் அடித்து விசாரிக்கச் சொன்னான், ரோமன் என்று பின்பு அறிந்தே பயந்தான். பவுலிடம் மரணத்துக்கேற்ற குற்றமில்லை என்று அதே கடிதத்தில் உண்மையும் எழுதியிருக்கிறான். காவல் அதிகாரி ஒருவர் தம் தவற்றை மட்டும் மறைத்து எழுதும் அறிக்கை அன்றும் இப்படித்தான் இருந்தது. அரசு வழக்கறிஞரின் மேசைக்கு நாள்தோறும் வருவது இத்தகைய காகிதமே.

அதை அப்படியே நீதிமன்றத்தில் படிப்பது அவர் கடமையா? இல்லை. அரசு வழக்கறிஞர் எப்படியாவது தண்டனை வாங்கித் தரத் துடிப்பவராக இருக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1999-இல், சிவகுமார் எதிர் உக்கம் சந்த் வழக்கில் தெளிவாக்கியது. அவர் அரசின் வழக்கறிஞர். காவல் நிலையத்தின் ஆள் அல்லர்.

மறுபக்கமும் உண்டு. நெருக்கடி நிலையின்போது, விசாரணையின்றி அடைக்கப்பட்டவர்களின் ஆட்கொணர்வு வழக்கில் அரசுக்காக வாதாடியவர் அட்டர்னி ஜெனரல் நிரேன் டே. ஒரு போலீஸ்காரர் சொந்தப் பகையால் ஒருவரைக் கொன்றாலும் பரிகாரம் இல்லையா என்று நீதிபதி எச்.ஆர். கன்னா கேட்டார். நெருக்கடி நிலை நீடிக்கும்வரை இல்லை என்றே பதில் வந்தது. தம் மனச்சாட்சியும் அதிரலாம் என்று டே சொல்லிக்கொண்டாராம். ஆனாலும் வாதத்தை விடவில்லை. 1976 ஏப்ரல் 28-இல் நான்கு நீதிபதிகள் அரசின் பக்கம் தீர்த்தார்கள்; கன்னா மாத்திரம் மறுத்தார். அதனால் தலைமை நீதிபதி பதவியை இழந்தார். அத்தீர்ப்பு தவறென்று ஒன்பது நீதிபதிகள் சொல்ல 2017 வரை செல்ல வேண்டியதாயிற்று.

ஆகவே தம்பி தேர்வு எழுதட்டும். வேலை கிடைத்தபின், கைது செய்யப்பட்டவரின் மருத்துவச் சான்றை அவனே வாசிக்கட்டும். நேரங்கள் பொருந்தாவிட்டால் அதிகாரியை நேரில் கேட்கட்டும். பொய்யென்று தெரிந்த காகிதத்தில் கையெழுத்திடாதிருக்கட்டும். இடமாற்றம் வரலாம், வீட்டார் அதற்கு முன்கூட்டியே மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளட்டும். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாத தோட்டத் தொழிலாளிக்கு, எதிர்த்தரப்பில் நிற்கும் அரசு வழக்கறிஞரின் நேர்மையே பல வேளைகளில் ஒரே பாதுகாப்பு. கட்சாலிலிருந்து போகிறவனுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

தேர்வுத் தேதி தெரிந்தவுடன் எழுதுங்கள், ஐயா. எங்கள் சபையின் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் தம்பிக்காக ஜெபிப்போம்.