ஏணியும் அட்டையும் எங்கள் பிள்ளைகளுக்கு வேண்டும்



தரையில் வட்டமாக உட்கார்ந்து பிள்ளைகள் பேசிக்கொண்டிருப்பதெல்லாம் படிப்பா என்று எங்கள் மணியாச்சிப் பக்கம் கேட்பவர்கள் உண்டு. படிப்புதான் என்று அழுத்திச் சொல்லவே எழுதுகிறேன்.

எம்.பி. விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது, 2003-இல் அங்குள்ள சில பள்ளிகளில் இந்த முறை, செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் தொடங்கியது. ஆந்திரத்தின் ரிஷிவேலி கிராமப் பள்ளிகளே அதற்கு முன்மாதிரி. 2007-08-இல் தமிழ்நாடு முழுவதும் வந்தது. பாடங்களைப் படிப்படியாகக் காட்டும் கற்றல் ஏணியைப் பார்த்து, தன் படிக்குரிய அட்டையைப் பிள்ளையே எடுக்கும். மூத்தது இளையதற்குச் சொல்லித்தரும். கைக்கெட்டும் உயரத்தில் கரும்பலகை.

கரிசல் மண்ணுக்கு இதுபோல் பொருந்திய முறை வேறில்லை. மழைக்குப் பின் களையெடுப்பு, தை மாதத்தில் உளுந்து, பாசி அறுவடை என்று பெற்றோர் காட்டிலேயே கிடக்கும் நாட்களில், தம்பி தங்கச்சியைப் பார்க்கப் பிள்ளை வீட்டில் நின்றுவிடும். திரும்பி வந்தால் வகுப்பில் பாடம் எங்கேயோ போயிருக்கும். ஏணியிலோ விட்ட படியிலிருந்தே தொடரலாம். அவமானம் இல்லை. இந்த ஒன்றுக்காகவே நான் இதை ஆதரிக்கிறேன்.

இந்த முறையால் பதிவேட்டுச் சுமை கூடியது என்று ஆசிரியர்கள் வருந்தியது நியாயமே. 2022-இல் வந்த தமிழ்நாடு அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலும் அரும்பு, மொட்டு, மலர் என நிலைக்கேற்ற கற்பித்தல் இருக்கிறது. ஆனால் கைப்பேசிச் செயலியில் மதிப்பெண் ஏற்றவே நேரம் போனால் பிள்ளையோடு எப்போது உட்காருவது?

அந்த வேலையை அரசு குறைக்கட்டும். ஈராசிரியர் பள்ளிகளுக்குக் கூடுதலாக ஓர் ஆசிரியரைத் தரட்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர், பிள்ளையைக் கோவில்பட்டித் தனியார் பள்ளி வேனில் ஏற்றுமுன், ஒரு காலைப் பொழுது நம்மூர் வகுப்பில் போய் உட்கார்ந்து பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மணியாச்சி