கற்றதைத் தமிழில் எழுதுக!

கிழமை முழுதும் ஆங்கிலத்திற் கேட்ட பாடங்களை ஏட்டில் நிரப்பிய கல்லூரி மாணவன், ஓய்வுநாளில் அவற்றைத் திருப்பிப் பார்க்கிறான். பக்கங்கள் நிறைந்துள, பொருளோ பிடிபடவில்லை. கற்றதைத் தன் சொல்லிற் சொல்ல முயல்கையில்தான் விளங்காத இடம் எதுவெனத் தெரியும். தன் சொல் என்பது தாய்மொழிச் சொல்லன்றோ?

அறிவியலைச் சொல்லத் தமிழிற் சொல் இல்லையென்பார் யாழ்ப்பாணத்து மானிப்பாயை நோக்குக. அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் 1864 முதல் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார், நூல்களைத் தமிழாக்கினார், கலைச்சொற்களும் வகுத்தார். அயலார் ஒருவர்க்கு இயன்றது நமக்கு இயலாதா?

மாணவனே, கிழமைதோறும் கற்றதை ஒரு பக்கமேனும் தமிழில் எழுது. சொல் கிடைக்காவிடத்து ஆசிரியரை வினவு. ஆசிரியர்களே, அவ்வேட்டைப் பார்த்துத் திருத்துங்கள். தேர்வு எம்மொழியில் நடப்பினும், தெளிவு தமிழில் பிறக்கட்டும்!