ஃபேமிலிக்கு மட்டும்

போன மாதத் தாளில் மரம் நடுவது, பிளாஸ்டிக் ஒழிப்பு எல்லாம் வந்துவிட்டது. நான் ஒரு சினிமாவைப் பற்றி எழுதுகிறேன். தமிழய்யா கோபப்படாமல் கடைசி வரை படிக்கவும்!

படம் 'புது வசந்தம்'. 1990ல் வந்தது. டைரக்டர் விக்ரமனுக்கு அதுதான் முதல் படம். நாம் யாரும் அப்போது பிறக்கவே இல்லை. ஆனால் எங்கம்மாவுக்கு உயிர். டிவியில் போட்டால் ரிமோட் வேறு யார் கைக்கும் போகாது. முரளி, ஆனந்த்பாபு, ராஜா, சார்லி நாலு பேரும் பாட்டை நம்பி வாழ்கிற நண்பர்கள். கையில் காசு கிடையாது. காதலனைத் தேடி ஊருக்கு வந்து போக்கிடம் இல்லாமல் நிற்கிற சித்தாராவுக்கு அவர்கள் இருக்கிற இடத்திலேயே இடம் கொடுக்கிறார்கள். பிறகு காதலன் வருகிறான். நாலு ஆம்பளைகளோடு இருந்தவள் என்று சந்தேகப்படுகிறான். 'நீயே வேண்டாம்' என்று அவள் நண்பர்கள் பக்கம் நின்றுவிடுகிறாள்.

இதே மாதிரி பிரெஞ்சிலும் ஒரு கதை உண்டு என்று காலேஜில் படிக்கும் எங்கள் சித்தி மகன் சொன்னான். அன்னா கவால்டா என்ற அம்மா 2004ல் எழுதிய நாவல். 2007ல் படமாகவும் வந்தது. பாரீசில் ராத்திரி ஆபீஸ் கூட்டிப் பெருக்கும் ஒரு பெண், திக்கித் திக்கிப் பேசும் ஒருவன், ஓட்டல் சமையல்காரன் ஒருவன், அவனுடைய பாட்டி. குளிரில் காய்ச்சலாகக் கிடந்தவளைத் தூக்கிக்கொண்டு வந்து தன் வீட்டில் வைத்துக்கொள்கிறான் அந்தத் திக்குவாயன். பிறகு முதியோர் இல்லத்தில் இருந்த பாட்டியையும் கூட்டி வந்துவிடுகிறார்கள். ஆனால் அங்கே கடைசியில் அந்தப் பெண்ணுக்கும் சமையல்காரனுக்கும் காதல் வந்துவிடுகிறது. நம்ம படத்தில் கடைசி வரை நட்பு நட்பாகவே இருக்கிறது. அந்த விஷயத்தில் விக்ரமனுக்குத்தான் என் ஓட்டு. 1981ல் வந்த 'பாலைவனச் சோலை'யும் நட்புப் படம்தான், ஆனால் அதில் சுஹாசினி செத்துப் போய்விடுவார். எனக்கு அழ வைக்கிற படம் பிடிக்காது.

'புது வசந்தம்' படத்தில் ஒரே ஒரு குறை. எல்லாரும் ரொம்ப நல்லவர்கள். பாத்திரம் யார் கழுவுவது என்று சண்டையே வராதா என்ன!

இதை எதற்கு எழுதுகிறேன் என்றால், எங்கள் வீட்டு மாடி போர்ஷன் காலியாக இருக்கிறது. வாசலில் 'டு லெட், ஃபேமிலிக்கு மட்டும்' என்று அப்பா போர்டு மாட்டியிருக்கிறார். நம்ம பட்டாபிராமில் 2024ல் டைடல் பார்க் திறந்த பிறகு வாடகைக்கு வீடு கேட்டு வருகிறவர்கள் அதிகம். போன மாதம் மூன்று அக்காக்கள் வந்தார்கள். ஒருவர் டைடல் பார்க்கில் வேலை, ஒருவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட், இன்னொருவர் டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறாராம். மூவரும் வேறு வேறு ஊர்.

"ஃபேமிலியா இருந்தா சொல்லும்மா. பேச்சிலருக்கு விடறதில்ல" என்றார் அப்பா.

"நாங்க நாலு வருஷமா ஒண்ணாத்தான் இருக்கோம் அங்கிள்" என்றார் அந்த எஸ்டேட் அக்கா. அப்பா பதில் சொல்லவில்லை. அவர்கள் வெயிலில் அடுத்த தெருவுக்கு நடந்து போனார்கள்.

அம்மாவிடம் கேட்டேன். "படத்துல நாலு பசங்களோட ஒரு பொண்ணு இருந்தா கண்ணு கலங்குற, நம்ம மாடியில மூணு பொண்ணுங்க இருந்தா என்னம்மா?" அம்மா, "சினிமா வேற, தெருக்காரங்க வாய் வேற" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

அப்பா பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்தால் கேட் திறக்க வேண்டும், மோட்டார் அதிகம் ஓடும், ஒருவர் வேலை மாறிப் போனால் மற்ற இருவரும் முழு வாடகை தர முடியுமா என்று கேட்கிறார். இதையெல்லாம் அந்த அக்காக்களிடமே கேட்டிருக்கலாமே என்பதுதான் என் ஆதங்கம். ஃபேமிலி குடி வந்தால் மட்டும் வாடகை பாக்கி வைக்க மாட்டார்களா?

எதிர் வீட்டில் தென் மாவட்டத்து அண்ணன்கள் நாலு பேர் இருக்கிறார்கள். தெருவில் அவர்களைப் பற்றிப் பேசாத பேச்சில்லை. மழைக்காலத்தில் ஒருவருக்கு டெங்கு வந்தது. மற்ற மூன்று பேரும் முறை வைத்து லீவு போட்டார்கள். அம்மா கொடுத்த ரசத்தை நான் கொண்டு போனபோது ஒரு அண்ணன் கஞ்சி ஆற்றிக்கொண்டே அவருடைய அம்மாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். "ஒண்ணுமில்லம்மா, அவனுக்கு லேசா ஜலதோஷம், தூங்குறான், நீங்க அழாதீங்க." வாளியில் துணி ஊறிக்கொண்டிருந்தது. இதை ஃபேமிலி இல்லை என்று எந்தக் கணக்கில் சொல்வது?

போர்டு இன்னும் தொங்குகிறது. மாடியும் காலிதான். அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு அப்பா நம்ம பள்ளிக்கு வருவார், இந்தச் சுவர் வழியாகத்தான் போக வேண்டும். அதுவரை யாரும் இந்தத் தாளைக் கிழிக்காமல் இருந்தால் போதும்.

- பதினொன்றாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி