ஃபார்மேட் பண்ணவா என்று கேட்டால்...

போன மழையில் எங்கள் புனே வீட்டில் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. ஒன்பது நாள் கழித்து ஒரு ராத்திரி தங்கமணியின் குரல்: "என்னங்க, மாமாவோட அறுபதாம் கல்யாண போட்டோ எதையுமே காணோமே!"

டிவிக்குப் பின்னால் ஒரு பழைய டெஸ்க்டாப் இருக்கிறது. லினக்ஸ், 4 டிபி ஹார்ட் டிஸ்க். வீட்டு சர்வர் என்று நானே பெருமைக்கு வைத்த பெயர். ஊரிலிருந்த ஆல்பம் எல்லாம் ஸ்கேன் ஆகி அதற்குள்தான். அப்பா இப்போது இல்லை.

லீவுக்கு வந்திருந்த மச்சினன் சும்மா இருப்பானா? டிஸ்க்கைக் கழற்றித் தன் விண்டோஸ் லேப்டாப்பில் செருகினான். உபயோகிக்கும் முன் ஃபார்மேட் செய்ய வேண்டும் என்றது. "போச்சு அத்தான், ஃபார்மேட் பண்ணித்தான் பாக்கணும்" என்று மவுஸை நகர்த்தினான். கையைப் பிடித்துவிட்டேன்.

மக்களே, லினக்ஸின் எக்ஸ்ட்4 விண்டோஸுக்குத் தானாகப் படிக்கத் தெரியாத பாஷை. புரியாத டைரியைப் பார்த்து, "கிழித்துப் போட்டுவிட்டுப் புது நோட்டு தரட்டுமா?" என்று கேட்கிறது, அவ்வளவுதான். தலை போனாலும் சரி என்று அமுக்காதீர்கள்.

திரும்ப சர்வரிலேயே மாட்டினேன். துப்பு கொடுத்தது தங்கமணிதான். "நேத்து எடுத்த போட்டோ இருக்கு, பழசுதான் இல்லை." டிஸ்க் செத்திருந்தால் நேற்றையது மட்டும் எப்படி இருக்கும்?

விஷயம் இதுதான். எஃப்எஸ்டேப் ஃபைலில் டிஸ்க்கை எஸ்டிபி என்று பெயர் சொல்லி எழுதியிருந்தேன். அந்தப் பெயர் நிரந்தரமில்லை. பாட்டு கேட்கச் செருகிய பென் டிரைவ், கரண்ட் வந்து ரீபூட் ஆனபோது எஸ்டிபி ஆகிவிட்டது, டிஸ்க் எஸ்டிசி ஆகிவிட்டது. மவுன்ட் தோற்றது. டிஸ்க் இல்லாவிட்டாலும் பூட் ஆகட்டும் என்று என்றோ 'நோஃபெயில்' வேறு போட்டிருந்தேன். அதனால் சர்வர் சத்தமே போடவில்லை. போன்களிலிருந்து தினமும் வரும் போட்டோக்கள் டிஸ்க் இல்லாத காலி ஃபோல்டருக்குள், அதாவது சிஸ்டம் எஸ்எஸ்டியில், விழுந்துகொண்டிருந்தன. இந்த நிலையில் அப்படியே மவுன்ட் செய்தால் அவை அடியில் மறைந்துவிடும். முதலில் வேறிடத்துக்கு நகர்த்திவிட்டு, பெயருக்குப் பதில் யூயூஐடி எழுதி மவுன்ட் செய்தேன். அப்பா வந்துவிட்டார்.

எனக்கு அதிர்ஷ்டம். கர்னல் லாகில் ஐ/ஓ எர்ரர் இருந்திருந்தால் கதை வேறு. அப்போது எஃப்எஸ்சிகே ஓட்டிச் சரி செய்யப் பார்ப்பதுகூடத் தப்பு. நிறுத்திவிட்டு முதலில் காப்பி எடுக்க வேண்டும். "ரெய்டு போட்டு ரெண்டு டிஸ்க்கா வெச்சுக்கோ" என்கிறார்கள் ஆபீஸில். ஒன்றில் அழித்தால் இன்னொன்றிலும் அழியும், அது பேக்கப் ஆகாது.

என்னை உறுத்துவது வேறு. ஊரில் ஆல்பம் பீரோவில் இருந்தது, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்த்தார்கள். அதை நான் மட்டுமே திறக்கக்கூடிய பெட்டியாக்கி வைத்திருக்கிறேன். நான் டூரில் இருந்திருந்தால் அன்று ஃபார்மேட் ஆகியிருக்கும்.

இப்போது சர்வர் மேல் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது, தமிழில்: "காணோம்னா எதையும் அமுக்காதே, எனக்கு போன் பண்ணு." இன்னொரு காப்பி, விண்டோஸுக்கும் புரிகிற மாதிரி, அம்மா ஊருக்குக் கிளம்பும்போது பையில் வைத்து அனுப்பினேன். பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருப்பதாகச் சொன்னாள். தீபாவளிக்குப் போகும்போது செருகிப் பார்க்கணும்.