ஸ்பானர் பையன்: டிக்... டிக்... டேப்பெட்!

இன்டர்னல்ஸ் எல்லாம் முடிஞ்சுதா? மார்க் பத்தி நானும் கேட்கலை, நீங்களும் கேட்காதீங்க. இந்த வாரம் ஒரு சத்தத்தைப் பத்திப் பேசலாம். கூடவே, மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிற ஒருத்தன் சொந்த வீட்டு காரையே எப்படிக் கவுத்தான்கிற கதையும் இருக்கு. அந்த ஒருத்தன் யாருன்னு கெஸ் பண்ணியிருப்பீங்களே!

எங்க தாத்தாகிட்ட ஒரு 1986 மாடல் அம்பாசடர் இருக்கு. மார்க் 4, பெட்ரோல். திருச்சியில எங்க தெருவுக்குள்ள அது நுழைஞ்சா ஹாரனே தேவையில்லை. பானெட்டுக்குள்ளேர்ந்து ‘டிக்... டிக்... டிக்...’னு தையல் மெஷின் ஓடுற மாதிரி சத்தம் வரும், பாட்டி போய் கேட்டைத் திறந்துடுவாங்க. போன வருஷம் அந்தச் சத்தம் ரொம்பவே அதிகமாச்சு. ஒரு ஒர்க்‌ஷாப்புல காட்டினோம். ரெண்டு நிமிஷம் கேட்டுட்டு, ‘எஞ்சினை இறக்கணும் சார்’னு சொல்லிட்டாங்க. எவ்வளவு ஆகும்னு கேட்ட அப்பா, வீட்டுக்கு வந்து ‘பேசாம காயலான் கடைக்குப் போட்டுடலாம்’னார். தாத்தா பதிலே சொல்லலை. பாதி சாப்பாட்டுல எழுந்து போயிட்டார்.

நான் சும்மா இருப்பேனா? ‘ஒரு வாரம் டைம் கொடுங்க, நான் பார்க்கிறேன்’னு சொல்லிட்டேன்.

முதல்ல, அந்த டிக் எங்கேர்ந்து வருது? அம்பாசடரோட எஞ்சின் பிறப்பால இங்கிலாந்துக்காரர். பி.எம்.சி. கம்பெனியோட பி-சீரிஸ், 1489 சி.சி. இதுல கேம் ஷாஃப்ட் கீழே, பிளாக்குக்குள்ள இருக்கும். கேம் டேப்பெட்டைத் தூக்கும். டேப்பெட் புஷ் ராடைத் தூக்கும். புஷ் ராடு மேலே இருக்கிற ராக்கர் ஆர்மோட ஒரு முனையைத் தூக்கும். பார்க்ல இருக்கிற சீ-சா மாதிரி மறு முனை இறங்கி வால்வை அமுக்கும். அந்த முனைக்கும் வால்வு நுனிக்கும் நடுவுல வேணும்னே ஒரு இடைவெளி விடுவாங்க. இந்த எஞ்சினுக்கு அது 0.015 இன்ச், அதாவது 0.38 மி.மீ. நாலு ஏ4 தாளை அடுக்கினா வர்ற கனம், அவ்வளவுதான். சூட்டுல உலோகம் நீளும்னு எட்டாவதுலயே படிச்சிருக்கோம் இல்லையா? அந்த நீளத்துக்குத்தான் இந்த இடம். இடைவெளி கூடினா ராக்கர் ஒவ்வொரு தடவையும் வால்வு மண்டையில சுத்தியல் மாதிரி அடிக்கும். அதுதான் நம்ம டிக்.

ஆனா, டிக்குன்னு கேட்கிறது எல்லாம் டேப்பெட் கிடையாது. இங்கேதான் பலர் ஏமாந்து போறாங்க. ஸ்பானரைத் தொடுறதுக்கு முன்னாடி டிப் ஸ்டிக்கை எடுத்து ஆயில் அளவைப் பாருங்க. ஆயில் குறைஞ்சாலே மேலே ராக்கர் காய்ஞ்சு கத்தும். அடுத்து, வேகத்தைக் கவனிங்க. கேம் ஷாஃப்ட் கிராங்க்கோட பாதி வேகத்துலதான் சுத்தும். ஐடிலிங் 800 ஆர்.பி.எம்.னா ஒரு வால்வு நிமிஷத்துக்கு 400 தடவை தட்டும். செகண்டுக்கு ஏழுக்குக் கொஞ்சம் குறைவு. லேசான, மேலேர்ந்து வர்ற சத்தம். அதே இடத்துல ‘டொக் டொக்’னு கனமா, அடியிலேர்ந்து, ஆக்ஸிலரேட்டர் மிதிச்சா இன்னும் மோசமா கேட்டுச்சுன்னா அது கனெக்டிங் ராடு பேரிங். உடனே எஞ்சினை ஆஃப் பண்ணிடுங்க, சோதனை எல்லாம் வேண்டாம்.

காலையில ஸ்டார்ட் பண்ணும்போது அதிகமா இருந்து, சூடானதும் சத்தம் அடங்குதா? எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட் லீக்கா இருக்கலாம். சூட்டுல இரும்பு விரிஞ்சு ஓட்டையைத் தானே அடைச்சுக்கும். பிளக் வயர் கரன்ட் லீக்கும் டிக் டிக்னுதான் கேட்கும். அதுக்கு ராத்திரி லைட்டை அணைச்சுட்டு பானெட்டைத் திறந்து பாருங்க, நீலமா பொறி பறக்கும். பார்க்க மட்டும்தான், தொட்டுப் பார்க்க இல்லை!

இதெல்லாம் இல்லைன்னு ஆனதும் நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒண்ணை எடுத்தேன். நுனியை ராக்கர் கவர் மேலே வெச்சு, கைப்பிடியைக் காது ஓரமா எலும்புல அழுத்தினா, அதுதான் ஏழைகளின் ஸ்டெதஸ்கோப். (ஃபேன் சுத்திக்கிட்டு இருக்கும். ஐ.டி. கார்டு டேக்கைக் கழட்டி வெச்சுட்டுக் குனியுங்க.) சத்தம் பின்பக்கம்தான் பலமா இருந்துச்சு. அப்புறம் கவரைக் கழட்டிட்டு எஞ்சினை ஐடிலிங்ல விட்டு, ஃபீலர் கேஜை ஒவ்வொரு ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவுல சொருகினேன். எதுல சொருகும்போது சத்தம் நிக்குதோ அதுதான் ஆள். எட்டாவது வால்வு. நாலாவது சிலிண்டரோட எக்ஸாஸ்ட். கையும் களவுமா மாட்டிக்கிச்சு!

அட்ஜஸ்ட் பண்ண ஒரு சூப்பர் கணக்கு இருக்கு: கூட்டுத்தொகை ஒன்பது. முதல் வால்வு முழுசா திறந்திருக்கும்போது எட்டாவதை செட் பண்ணணும், மூணாவது திறந்தா ஆறாவதை, அஞ்சாவது திறந்தா நாலாவதை. இப்படியே எட்டும். நாலு பிளக்கையும் கழட்டி, டாப் கியர்ல போட்டுட்டு, தம்பியை விட்டு வண்டியை இன்ச் இன்ச்சா தள்ளச் சொன்னேன். அவன் ரேட் ஒரு பரோட்டா பார்சல்.

எல்லாம் 0.015-க்கு செட் ஆச்சு. எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினா... எட்டாவது மட்டும் இன்னும் டிக் டிக்! கேஜ் சரின்னு சொல்லுது, காது இல்லைன்னு சொல்லுது. அங்கேதான் நான் தப்புப் பண்ணினேன். கேஜைத் தூக்கிப் போட்டுட்டு, காதை நம்பி ஸ்க்ரூவைக் கால் சுற்றுக்கு மேலேயே இறுக்கினேன். சத்தம் நின்னுடுச்சு. அப்பா ஐநூறு ரூபா கொடுத்தார். பாட்டி சுத்திப் போட்டாங்க. தாத்தா மட்டும் ரெண்டு நாள் ஓட்டிட்டு, ‘என்னடா, மூச்சே விடலை?’ன்னு கேட்டார். நான் சிரிச்சேன்.

ரெண்டு மாசம் கழிச்சு, புதுக்கோட்டைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போற வழியில வண்டி உதற ஆரம்பிச்சுது. இழுவையே இல்லை. பாதியில திருப்பிக் கொண்டு வந்தாங்க. அப்பா இந்தத் தடவை யாரையும் கேட்கலை. சனிக்கிழமை காயலான் கடைக்காரர் வந்து, டயரைத் தட்டிப் பார்த்து ஒரு ரேட்டும் சொல்லிட்டார். ‘பாவம், அதுக்கும் வயசாச்சு’ன்னார் அப்பா.

பாஸ், நான் வாயைத் திறக்காம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. நாற்பது வருஷத்து வண்டி, போச்சுன்னா போச்சுன்னு விட்டிருப்பாங்க. திண்ணையில உட்கார்ந்து அந்தக் கடைக்காரரையே பார்த்துக்கிட்டிருந்த தாத்தாவைப் பார்த்ததும் என்னால முடியலை. ‘வண்டிக்கு ஒண்ணும் ஆகலைப்பா, நான்தான் டேப்பெட்டை ஓவரா டைட் பண்ணிட்டேன்’னு சொல்லிட்டேன். அப்பா திட்டினதை இங்கே எழுத முடியாது. எடிட்டர் விட மாட்டார்.

தாத்தா என்னைப் பாலக்கரையில ஒரு பழைய மெக்கானிக்கிட்ட கூட்டிட்டுப் போனார். எல்லாரும் பாய்னுதான் கூப்பிடுறாங்க. அவர் ஒவ்வொரு பிளக் வயரா பிடுங்கினார். நாலாவதைப் பிடுங்கினப்போ எஞ்சின் கொஞ்சம்கூட மாறலை. அந்த சிலிண்டர் வேலையே செய்யலைன்னு அர்த்தம். கம்ப்ரஷன் கேஜ்ல மத்த மூணுல பாதிகூட வரலை. ஒரு ஸ்பூன் ஆயிலை உள்ளே விட்டுத் திரும்பப் பார்த்தார். அப்பவும் ஏறலை. ரிங் தேஞ்சிருந்தா ஏறியிருக்கும், ஸோ வால்வுதான். ஹெட்டைக் கழட்டினா, எட்டாவது வால்வோட ஓரம் கடிச்ச பிஸ்கட் மாதிரி இருந்துச்சு.

எக்ஸாஸ்ட் வால்வு முக்கியமா சீட்டுல ஒட்டி உட்கார்ந்திருக்கிற நேரத்துலதான் சூட்டை ஹெட்டுக்குக் கடத்தும். முழுசா மூடலைன்னா சூடும் போகாது, எரியுற கேஸ் அந்தச் சந்து வழியா பீய்ச்சி ஓரத்தையே தின்னுடும். பாய் இன்னொண்ணும் சொன்னார். பழைய வண்டிகளோட வால்வு சீட்டை பெட்ரோல்ல இருந்த ஈயம்தான் தேயாம காப்பாத்திக்கிட்டு இருந்துச்சாம். 2000 பிப்ரவரியிலேர்ந்து நாடு முழுக்க ஈயமில்லா பெட்ரோல்தான். நம்ம நுரையீரலுக்கு நல்லது, ஆனா பழைய சீட்டு மெல்லத் தேஞ்சு வால்வு உள்ளே இறங்கும், இடைவெளி தானா சுருங்கும். ‘சத்தம் வந்தா பயப்பட மாட்டேன் தம்பி, இருந்த சத்தம் நின்னாத்தான் பயப்படுவேன்’னார்.

கேஜ் ஏன் பொய் சொல்லுச்சு? அதைக் கடைசியா காட்டினார். எட்டாவது ராக்கரோட முனையை என் நகத்தால தடவச் சொன்னார். வால்வு பட்டுப் பட்டு ஒரு குழி விழுந்திருந்துச்சு. ஃபீலர் கேஜ் தட்டையான தகடு. குழிக்கு மேலே பாலம் மாதிரி உட்கார்ந்துடும், கீழே இருக்கிற பள்ளத்தை அளக்காது. அது 0.015 காட்டும்போது நிஜத்துல அதுக்கும் மேலே இருந்திருக்கு. மெட்ராலஜி லேப்ல ‘ஏ’ கிரேடு வாங்கினவன் நான், சொல்லிக்க வெட்கமா இருக்கு.

புது வால்வு போட்டு, சீட்டைச் சரி பண்ணி, குழி இல்லாத ராக்கர் ஒண்ணும் மாத்தினார். அந்த ராக்கர் எங்கே கிடைச்சுது தெரியுமா? காயலான் கடையிலதான்! பில்லுல பாதி என் கணக்கு. இந்தப் பத்திரிகை தர்ற ஸ்டைபண்டு இன்னும் மூணு மாசத்துக்கு அப்பா பாக்கெட்டுக்குத்தான் போகுது.

இப்போ வண்டி ஐடிலிங்ல லேசா டிக்டிக்குங்குது. பாட்டி கேட்டைத் திறக்குறாங்க.

அடுத்த வாரம் கார்புரேட்டர். அதை நான் இன்னும் தொடலை, பயப்படாதீங்க!