நமக்கெதுக்கு ஸ்டைல்?

ஜவுளிக்கடையில் ஒரு பெண் அரக்குச் சேலையைக் கையில் எடுத்ததும், கூட வந்த சித்தியோ அத்தையோ "உன் கலருக்கு இது எடுக்காதுடி, லைட்டா ஏதாவது பாரு" என்பார். பூப்போட்ட சட்டையைத் தடவிப் பார்க்கும் நாற்பது வயதுக்காரரிடம் "இதெல்லாம் காலேஜ் பசங்க போடுறதுங்க" என்பார் மனைவி. இந்தப் பேச்சுகளுக்கு அடியில் ஒரு கொள்கையே இருக்கிறது. தனக்கென்று ஓர் உடைப் பாணி வைத்துக்கொள்வது காசும் சிவந்த தோலும் ஒல்லி உடம்பும் வேலைவெட்டி இல்லாத நேரமும் யாரும் தடுக்காத நிலையும் வாய்த்தவர்களின் பொழுதுபோக்கு, அதுவும் மேல்நாட்டிலிருந்து வந்தது, மற்றவர்கள் ஊரோடு ஒத்து உடுத்திக்கொண்டு போனால் போதும் என்பது அந்தக் கொள்கை. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தால், ஒன்றைத் தவிர எதுவும் தேறவில்லை.

முதலில் காசு. தலைப்பாகை, கறுப்புக் கோட்டு, முறுக்கு மீசை என்று சொன்னால் தமிழ்நாட்டில் பெயர் சொல்லத் தேவையில்லை. 1898இல் காசிக்குப் படிக்கப் போன பாரதி, அங்கே இருந்த சில ஆண்டுகளில் குடுமியை எடுத்தார், மீசை வளர்த்தார், வடநாட்டு முறையில் தலைப்பாகை கட்டத் தொடங்கினார். அவர் பிறந்த குலத்தில் முகம் சுளிக்கவைத்த மாற்றங்கள் இவை. பணத்தட்டுப்பாடு அவரைக் கடைசிவரை விடவில்லை. ஆனால் இன்றும் பள்ளி மாறுவேடப் போட்டியில் ஒரு குழந்தை பாரதியாவதற்கு அந்த மூன்றே பொருள் போதும்.

காமராஜரிடம் இருந்தது அதைவிட எளிமையான கணக்கு. தொளதொளவென்று நீண்டு தொங்கும் அரைக்கை வெள்ளைச் சட்டை, வேட்டி, தோளில் துண்டு. முதலமைச்சராக இருந்தபோதும் அதுதான், பதவி இல்லாதபோதும் அதுதான். ஸ்டீவ் ஜாப்ஸ் தினமும் ஒரே மாதிரிக் கறுப்பு டர்டில்நெக் அணிந்ததை மேலாண்மைப் பேச்சாளர்கள் மேடையில் சொல்லும்போது வாய்பிளந்து கேட்பவர்கள், இங்கே ஒருவர் அதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே செய்து முடித்திருந்தார் என்பதை ஏனோ நினைப்பதில்லை.

காந்தியோ குறைத்துக்கொண்டே போய்த் தன் உடையை அடைந்தவர். லண்டனில் சட்டம் படித்த காலத்தில் பட்டுத் தொப்பியும் கோட்டுமாகத் திரிந்தவர், 1921 செப்டம்பர் 22 அன்று மதுரை மேலமாசி வீதி வீட்டிலிருந்து முழங்கால் அளவு ஒற்றைத் துணியுடன் வெளியே வந்தார். பத்தாண்டு கழித்து பக்கிங்ஹாம் அரண்மனைக்குள்ளும் அதே கோலத்தில்தான் போனார்.

இவர்கள் பெரிய மனிதர்கள், நமக்குப் பொருந்துமா என்றால் கைக்கணக்கே போட்டுப் பார்க்கலாம். பதினைந்தாயிரம் ரூபாய் பட்டுச்சேலையை மூன்று கல்யாணத்துக்குக் கட்டிவிட்டுப் பீரோவில் வைத்தால், ஒரு தடவைக்கு ஐயாயிரம் ஆகிறது. தொள்ளாயிரம் ரூபாய் சுங்குடியை அறுபது தடவை கட்டினால் தடவைக்குப் பதினைந்து ரூபாய். ஒருவரை ஊர் அடையாளம் காண்பது அந்த அறுபது நாள் சேலையில்தான். இதில் வேடிக்கை, சேலையைவிட அதற்கு ஆரி வேலை செய்த ஜாக்கெட்டின் கூலி கூடிப்போகும் கல்யாணங்கள் இப்போது சர்வசாதாரணம். காசைக் கொட்டுவதும் பாணியும் ஒன்று என்று நம்பவைத்தது இந்தக் கல்யாணச் சந்தைதான்.

உடம்போடு பொருந்தும் துணி என்பதும் ஆடம்பரமாக இருந்ததில்லை. மதுரை புதுமண்டபத்தில் பல தலைமுறைகளாகத் தையல்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து தைத்தார்கள். அளவுச் சட்டை ஒன்றைக் கொடுத்தால் அதைப்போலவே இன்னொன்று கிடைக்கும். கோயில் பார்க்க வந்த வெள்ளைக்காரர்களும் அப்படித்தான் தைத்துக்கொண்டு போனார்கள். அந்தக் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. இடம் மாறினாலும் முறை அதேதான். நன்றாகப் பொருந்தும் ஒன்றைக் கண்டுபிடி, அதை அளவாக வை, துணியை மட்டும் மாற்று. பெரிய நகரங்களில் காசு கொடுத்து 'ஸ்டைல் கன்சல்டன்ட்' வைத்துக்கொள்பவர்களுக்கும் கடைசியில் கிடைக்கும் ஆலோசனை பெரும்பாலும் இதுவே.

அடுத்தது மரபு என்னும் வாதம். 'நம்ம ஊர்ல எல்லாரும் ஒரே மாதிரிதானே உடுத்தினாங்க' என்கிறார்கள். எந்த ஊரில்? பின்கொசுவம் வைத்துக் கண்டாங்கி கட்டியவர்களும், மடிசார் கட்டியவர்களும், ரவிக்கையே போடாமல் சேலையை மாராப்பாக இழுத்துவிட்டு வயல்வேலை பார்த்தவர்களும் ஒரே காலத்தில் வாழ்ந்தார்கள். இன்று 'மரபுடை' என்று கல்லூரி விழாக்களில் மேடையேறும் அமைப்பு, அதாவது ரவிக்கை, உள்பாவாடை, முன்கொசுவம், இடது தோளில் முந்தானை, நாடெங்கும் பரவியதில் தாகூர் குடும்பத்து மருமகள் ஞானதாநந்தினி தேவிக்குப் பெரிய பங்கு உண்டு. 1860களில் கணவருடன் பம்பாய்க்குப் போன அவர், வங்கத்து வீட்டுக்குள் கட்டும் சேலையோடு வெளியே நடமாட முடியாது என்று கண்டார். பார்சிப் பெண்கள் கட்டுவதைப் பார்த்துத் தன் வசதிக்கு மாற்றிக்கொண்டார். வெளியே போவதற்காக ஒரு பெண் செய்துகொண்ட ஏற்பாடு இன்று மரபின் பெயரில் அடுத்த தலைமுறைப் பெண்களிடம் வலியுறுத்தப்படுகிறது.

ஒரே மாதிரி உடுத்தவில்லை என்பதைவிட முக்கியமானது, ஒரே மாதிரி உடுத்த விடவில்லை என்பது. திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்த இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதியில், நாடார் பெண்கள் மார்பை மறைத்துத் தோள்சீலை அணிவதற்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல பத்தாண்டுகள் போராட வேண்டியிருந்தது. சந்தையில் சீலை கிழிக்கப்பட்டது, வீடுகள் கொளுத்தப்பட்டன. 1859 ஜூலையில் மன்னர் அனுமதி அறிவித்தபோதும் அதில் ஒரு வால் ஒட்டியிருந்தது: மேல்சாதிப் பெண்கள் அணியும் விதத்தில் அணியக் கூடாது. மறைக்கலாம், ஆனால் அவர்களைப்போலத் தெரியக் கூடாது! அதே மண்ணில் அய்யா வைகுண்டர், தலையில் துண்டு கட்ட உரிமை மறுக்கப்பட்ட ஆண்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு வழிபடச் சொன்னார். அவர் வாழ்ந்த சாமித்தோப்பில் இன்றும் ஆண்கள் தலைப்பாகையோடுதான் கும்பிடுகிறார்கள்.

இராமநாதபுரம் பகுதியில் 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போடக் கூடாது. குடையும் செருப்பும் ஆகாது. ஹட்டன் எழுதிய 'இந்தியாவில் சாதி' என்ற நூலில் இந்தப் பட்டியல் பதிவாகியிருக்கிறது. 'டிரஸ்ல என்னங்க இருக்கு' என்று கேட்பவர்கள் இதை ஒருமுறை படித்துவிட்டுக் கேட்கலாம். அம்பேத்கர் மேடைகளில் பெரும்பாலும் கோட்டும் டையுமாக நின்றதும், 1927இல் மகாராஷ்டிரத்து மகாடில் பெண்களிடம் சாதியைக் காட்டிக்கொடுக்கும் விதமாகச் சேலை கட்டுவதை விடச் சொன்னதும் அழகுணர்ச்சி பற்றிய குறிப்புகளாகத் தோன்றவில்லை. சரி, அது அந்தக் காலம் என்றால், 2014 ஜூலையில் சென்னையில் ஒரு கிரிக்கெட் கிளப் விழாவுக்குப் போன உயர் நீதிமன்ற நீதிபதி வேட்டி கட்டியிருந்ததால் உள்ளே விடப்படவில்லை. அடுத்த மாதமே சட்டமன்றம் அதற்கென்று ஒரு சட்டம் இயற்ற வேண்டியிருந்தது.

மேல்நாட்டுச் சரக்கு என்ற புகாருக்கு நீண்ட பதில் வேண்டாம். 1958 வாக்கில் சென்னைக்கு வந்த அமெரிக்க வணிகர் ஒருவர், இங்கே கைலிக் கட்டத்தில் நெய்யப்பட்ட துணியை ஆயிரக்கணக்கான கெஜம் வாங்கி நியூயார்க்கின் புரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்கு விற்றார். துவைத்ததும் சாயம் ஓடியது, புகார் குவிந்தது. விற்றவர்கள் அதையே விளம்பரமாக்கினார்கள்: சாயம் போகும், அது உத்தரவாதம். 'பிளீடிங் மெட்ராஸ்' என்ற பெயரில் அங்கே கல்லூரி இளைஞர்களின் மோகமாகிவிட்டது அது. இங்கே அந்தக் கட்டத்தை உடுத்திக்கொண்டிருக்கும்போது விருந்தாளி வந்தால் உள்ளே ஓடி வேட்டி மாற்றுகிறோம்.

இப்போது நிறத்துக்கு வரலாம். இருக்கும் நம்பிக்கைகளிலேயே மிகுந்த கேடு விளைவிப்பது இதுதான். கறுத்த தோலுக்கு அடர்த்தியான நிறம் ஒத்துவராது என்றால், காஞ்சிபுரத்துத் தறி யாருக்காக நெய்தது? அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து, வாடாமல்லி, கிளிப்பச்சை, கத்தரிப்பூ. இந்தப் பட்டியல் இந்த மண்ணின் தோல்நிறத்துக்கு மேல், இந்த வெயிலில் பார்க்கப்படுவதற்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வந்தது. கோர்வை முறையில் உடலும் கரையும் எதிரெதிர் நிறமாக இருக்கும். இரண்டு கரைக்கும் உடலுக்குமாக மூன்று நாடாக்கள் ஓட வேண்டும், அதற்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார வேண்டும். கூடுதல் கூலி, கூடுதல் நேரம். இத்தனை சிரமமும் மாறுபட்ட நிறங்கள் அருகருகே நிற்கும் அழகுக்காக. எல்லாவற்றையும் 'மேட்ச்' ஆக்கத் துடிக்கும் இன்றைய கண்ணுக்கு இது பிடிபடுவதில்லை. காஞ்சிபுரம் முத்துச் செட்டியார் எம்.எஸ். சுப்புலட்சுமிக்காக நெய்த ஒரு நீலத்தை இன்றும் கடைகளில் 'எம்.எஸ். புளூ' என்றே கேட்கிறார்கள். ஒருவருக்குப் பொருந்திய நிறம் ஊருக்கே பெயர்ச்சொல்லாகிவிட்டது.

மேற்கில் 1980இல் கரோல் ஜாக்சன் எழுதிய 'கலர் மி பியூட்டிஃபுல்' என்ற புத்தகம், மனிதர்களை நான்கு பருவங்களாகப் பிரித்து ஆளுக்கொரு நிறப்பெட்டி கொடுத்தது. அது இப்போது இன்ஸ்டாகிராம் வழியாக இங்கேயும் வந்திருக்கிறது. பொன்முடியும் செம்முடியும் நீலக்கண்ணும் கலந்து வாழும் ஊரில் அந்தப் பிரிவினைக்கு ஏதோ பயன் இருக்கலாம். ஏறத்தாழ எல்லாருக்கும் கருமுடியும் கருவிழியும் இருக்கும் ஊரில் அது எதைப் பிரிக்கும்? அதைவிட எளிய சோதனை ஒன்று உண்டு. கடை விளக்கில் பார்த்ததை வாசலுக்கு எடுத்துப் போய்ப் பகல் வெளிச்சத்தில் முகத்தருகே பிடித்துப் பார்ப்பது. ஃபேர் அண்ட் லவ்லியே 2020இல் 'ஃபேர்' என்ற சொல்லைக் கைவிட்டுவிட்டது. சித்திகள் இன்னும் விடவில்லை.

வயது, பருமன் பற்றிய அறிவுரைகளைச் சட்டென்று தாண்டிவிடலாம். பாதிச் சிக்கல் ஆயத்த ஆடை அளவுகளில் இருக்கிறது. எக்ஸ்எல் சட்டையில் தோள் இறங்கி வயிறு இறுகினால் குறை வயிற்றுடையது இல்லை. ஆல்ட்ரேஷன் கடைக்காரரிடம் போனால் தோளை ஏற்றி, பக்கத் தையலில் விட்டிருக்கும் துணியைப் பிரித்துக் கொடுப்பார்.

'அடுத்தவங்களைப் பார்த்துப் போடுறது ஸ்டைலா?' என்ற கேள்வியில் கொஞ்சம் விஷயம் இருப்பதுபோலத் தோன்றும். 1985இல் 'பூவே பூச்சூடவா' வந்ததும் நதியா கம்மல், நதியா வளையல், நதியா சுடிதார் என்று எல்லாவற்றிலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. சிரித்தவர்கள் நிறையப் பேர். சில வருடத்தில் கம்மலும் வளையலும் காணாமல் போயின. சுடிதார் மட்டும் நிலைத்துவிட்டது, ஏனென்றால் பேருந்தில் ஏற, சைக்கிள் மிதிக்க, வேலைக்கு ஓட அது வாகாக இருந்தது. காப்பியடித்துத் தொடங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஞானதாநந்தினி பார்சிக்காரர்களிடம் எடுத்ததும், பாரதி காசிக்காரர்களிடம் எடுத்ததும் அதுதானே. மோகம் அடங்கிய பிறகு ஒருவர் எதைத் தொடர்ந்து உடுத்துகிறார் என்பதில்தான் ஆளின் ருசி தெரியும்.

தேறும் ஒன்று என்று முதலில் சொன்னது அனுமதி. ஜவுளிக்கடையில் பன்னிரண்டு மணி நேரம் சீருடைச் சேலையில் நிற்கும் பெண்ணிடம் பாணி பற்றிப் பேசுவது அபத்தம். 2005இல் அண்ணா பல்கலைக்கழகம் ஜீன்ஸ், டி-ஷர்ட், ஸ்லீவ்லெஸ் எல்லாம் கூடாது என்றது. இன்றும் துப்பட்டா இரு தோளிலும் குத்தப்பட்டிருக்கிறதா என்று வாசலில் பார்க்கும் கல்லூரிகள் உண்டு. மாமியார் வீட்டில் நைட்டிக்கு மேல் துண்டு போட வேண்டியவர்கள் உண்டு. இவர்களுக்குக் குறைவாக இருப்பது காசோ நிறமோ இல்லை. இங்கே தனி ஆள் சாமர்த்தியம் ஓரளவுக்கு மேல் உதவாது. மேலே சொன்ன போராட்டங்களின் தொடர்ச்சியாகத்தான் இது மாறும்.

அந்தத் தடை இல்லாதவர்களுக்கு வேலை சுலபம். தீபாவளித் துணி எடுக்கப் போகும் முன் பீரோவைத் திறந்து, போன வருடம் நைந்துபோகும்வரை உடுத்திய நான்கு உருப்படிகளை வெளியே எடுக்கலாம். கழுத்து, கை நீளம், துணி, நிறம் ஆகியவற்றில் அந்த நான்குக்கும் பொதுவாக ஏதோ இருக்கும். அதில் நன்றாகப் பொருந்துவதை அளவாகத் தையல்காரரிடம் கொடுத்து, சுடிதார் என்றால் பக்கவாட்டில் ஒரு பாக்கெட்டும் வைக்கச் சொல்லலாம். கேட்டால் வைத்துத் தருவார்கள், பலர் கேட்பதே இல்லை. சீக்கிரம் போக வேண்டும். பண்டிகைக்கு இரண்டு மூன்று வாரம் இருக்கும்போதே 'ஆர்டர் குளோஸ்' என்று அட்டை தொங்கவிட்டுவிடுவார்கள்.